அந்த இரண்டு மாத்திரைகள்

நாள் தள்ளிப் போனால் இந்தக் காலத்துப் பெண் என்ன செய்கிறாள்? மருந்துக் கடையில் ஓர் அட்டை வாங்கி வருகிறாள். காலையில் எழுந்ததும் அதில் இரண்டு மூன்று சொட்டுச் சிறுநீர் விட்டால் ஐந்து நிமிஷத்தில் ஒரு கோடோ, இரண்டு கோடோ. வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. எங்கள் காலத்து லால்குடியில் அந்த வசதி கிடையாது. உள்ளே உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள, உள்ளேயே மாத்திரையை அனுப்பிப் பார்த்தார்கள்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்று இரண்டு பெண் ஹார்மோன்கள் உண்டல்லவா? அவற்றைப் போலச் செயற்கையாகச் செய்த இரண்டு மருந்துகளும் அந்த மாத்திரையில் சேர்ந்திருக்கும். ஒன்றிரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்தினால், கர்ப்பமில்லாத பெண்ணுக்குச் சில நாளில் தூரம் வந்துவிடும். வராவிட்டால் கர்ப்பம். பிரிட்டனில் 'ப்ரிமோடாஸ்' என்ற பெயரில் 1958 முதல் 1978 வரை இப்படி ஒரு மாத்திரை இருந்தது. இரண்டே மாத்திரைதான், ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம் நோரெதிஸ்டரோன் அசிடேட், 0.02 மில்லிகிராம் எதினைல் ஈஸ்ட்ராடியால். நம் நாட்டிலும் இதே இனத்து மாத்திரைகள் வேறு வேறு பெயர்களில் வந்தன. சுருக்கமாக ஈ.பி. மாத்திரைகள் என்பார்கள்.

என் அக்கா சாப்பிட்டது 1976-ல். அத்தானுக்குப் பிலாயில் வேலை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாயிற்று, நாள் தள்ளியிருந்தது. இரண்டு நாள் ரயில் பயணம். உண்டாகியிருந்தால் அனுப்பக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. வந்துட்டா இல்ல, வரலேன்னா உண்டு" என்று சொன்னாராம். வரவில்லை. அம்மா அன்றைக்கே சப்தரிஷீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து பாயசம் வைத்தாள். எனக்கு அப்போது பதினைந்து வயது. பாயசம்தான் ஞாபகம் இருக்கிறது.

1977-ல் பையன் பிறந்தான். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும். இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை என்றார்கள். ஆறு வயதில் வேலூரில் ஆபரேஷன். பிழைத்தான், படித்தான், இன்று ஐம்பதை நெருங்குகிறான். அக்காவைவிட வேகமாக மாடிப்படி ஏறுவான். ஆனால் அக்காவுக்கு அந்த ஆறு வருஷம் முடியவேயில்லை.

காரணம், 1987-ல் அவள் பத்திரிகையில் படித்த ஒரு செய்தி. ஈ.பி. மாத்திரைகளைப் பற்றி மதராஸில் பொது விசாரணை நடக்கிறது, கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தைக்குக் குறை வரும் என்று பெண்கள் அமைப்புகள் சொல்கின்றன என்று போட்டிருந்தார்கள். அதைக் கத்தரித்து டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அத்தானிடம் கடைசிவரை சொல்லவில்லை. என் ஒருத்தியிடம்தான் சொன்னாள், அதுவும் ஒரு தடவை.

அந்த விசாரணையின் கதையே பெரிய கதை. 1982-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அதிக அளவு ஈ.பி. மாத்திரைகளுக்குத் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்களுக்குப் போய் அந்தத் தடைக்கே தடை வாங்கிவிட்டார்கள். விற்பனை நடந்துகொண்டே இருந்தது. டாக்டர் மீரா சிவா போன்றவர்களும் அகில இந்திய மருந்துச் செயல் கூட்டமைப்பும் பெண்கள் சங்கங்களும் விடாமல் போராடி, உச்ச நீதிமன்றம் சொல்லி, 1987-ல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் நகரங்களில் விசாரணை நடந்தது. மாத்திரை வேண்டும் என்று சொன்ன மகப்பேறு மருத்துவர்களும் உண்டு. தடை நிலைத்தது 1988-ல். நார்வேயும் ஸ்வீடனும் கர்ப்பப் பரிசோதனைக்கு இது வேண்டாம் என்று 1970-லேயே நிறுத்திவிட்டன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்கா சாப்பிட்டதற்கு ஆறு வருஷம் முன்னால்!

சரி, இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்கிறீர்களா? அக்காவின் பேத்தி, அந்தப் பையனின் மகள், முழுகாமல் இருக்கிறாள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிறவியில் இருதயக் கோளாறு உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அப்பாவுக்கு இருந்தது" என்று இவள் சொல்ல, அப்படியானால் குழந்தையின் இருதயத்துக்குத் தனியாக ஒரு எக்கோ எடுத்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு முன்ஜாக்கிரதைதான். அன்று ராத்திரி அக்கா என் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஒம் மருமக வந்துட்டாளா?" என்றாள்.

என் மருமகள் மருந்தியல் படித்தவள். திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வருவாள். வந்தவளைக் கைகால் கழுவக்கூட விடாமல் அக்கா அந்தப் பழைய காகிதத்தை நீட்டினாள்.

"இதுல போட்டிருக்கிற மாத்திரையை நான் தின்னேன். எம்புள்ளைக்கு அதனாலதான் ஓட்டை விழுந்துச்சா? படிச்சவ, நீ சொல்லு."

மருமகள் உடனே பதில் சொல்லவில்லை. "எனக்கு நாலு நாள் குடுங்க பெரியத்தை. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல நாலு நாளா? ஆனால் அந்த நாலு நாளில் அவள் செய்ததைப் பார்த்த பிறகுதான், ஒரு மருந்து கெடுதலா இல்லையா என்று தீர்மானிப்பது எத்தனை பெரிய வேலை என்று தெரிந்தது.

ஒரு மருந்து நல்லது செய்கிறதா என்று பார்ப்பது சுலபமாம். பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் வைத்து ஒப்பிட்டுவிடலாம். கெடுதல் அப்படி அல்ல. அது ஆயிரத்தில் ஒருத்திக்கு வரும், பத்து வருஷம் கழித்து வரும். அவள் சொன்ன உதாரணம் சமையலறை உதாரணம். "அரிசி மூட்டையிலிருந்து முந்நூறு அரிசி எடுத்துப் பாக்குறீங்க, கல்லே இல்லை. அதனால மூட்டையிலயே கல் இல்லைன்னு சொல்லிடுவீங்களா அத்தை? நூத்துக்கு ஒண்ணு வரைக்கும் கல் இருந்தாலும் அந்த முந்நூறுல படாமப் போயிடலாம்." முந்நூறு பேரிடம் சோதித்து ஒன்றும் ஆகவில்லை என்று கடைக்கு வரும் மருந்தும் அப்படித்தான். அதுவும் கர்ப்பிணிகளைச் சோதனையில் சேர்ப்பதே அபூர்வம். பிறகு எங்கிருந்து தெரியும்? ஊர் ஊராக, வருஷம் வருஷமாக, யார் யாரோ எழுதி வைத்த சின்னச் சின்ன ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

அந்தத் திரட்டும் வேலைக்குச் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்று பெயர். பிரிட்டனில் 1993-ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. நம் வேலூர் சி.எம்.சி.யிலும் டாக்டர் பிரதாப் தர்யன் தலைமையில் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் வேலை செய்திருக்கிறது. பையனுக்கு நெஞ்சைத் திறந்து தைத்த ஊர் என்பதால் வேலூர் என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இதில் முதல் விதி, தேட ஆரம்பிப்பதற்கு முன்பே கேள்வியை எழுதி வைத்துவிட வேண்டும். எந்த மருந்து, எந்தக் கெடுதல், எந்த மாதிரி ஆய்வை எடுப்போம், எதைத் தள்ளுவோம் எல்லாம் முன்கூட்டியே. யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் இதற்கென்றே 'ப்ராஸ்பெரோ' என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறதாம். விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றுகிற வேலை அங்கே நடக்காது. பிறகு கிடைத்ததையெல்லாம் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் தேர்ந்தெடுத்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. அச்சில் வராதவற்றையும் தேட வேண்டும். ஏனென்றால் தேங்காய்க் கடைக்காரர் நல்ல காயை முன்னால் அடுக்கி அழுகலைச் சாக்குக்குப் பின்னால் தள்ளுவது போல, சாதகமான ஆய்வு சீக்கிரம் அச்சேறும், பாதகமானது மேஜை அறைக்குள் தூங்கும். கடைசியில், சேர்க்கத் தகுந்தவையாக இருந்தால் எண்களைக் கூட்டுவார்கள். பெரிய ஆய்வின் வார்த்தைக்கு எடை அதிகம், சின்னதற்குக் குறைவு.

கூட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முழங்கால் வலி மாத்திரை ஒன்றின் கதையைச் சொன்னாள். ரோஃபெகாக்ஸிப் என்று பெயர். மாரடைப்பு வருகிறது என்று அதைத் தயாரித்தவர்களே 2004 செப்டம்பர் 30-ந் தேதி உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டில் அந்த டிசம்பரில் தடை. அதே 2004-ல் ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பழைய சோதனைகளை வருஷ வரிசையில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். 2000-ஆம் வருஷக் கடைசியிலேயே 20,742 நோயாளிகள், 52 மாரடைப்புகள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 2.3 மடங்கு என்று கணக்கு காட்டியது. நாலு வருஷம் எண்கள் அங்கேயே இருந்தன. யாரும் கூட்டவில்லை.

"அது கெடக்கட்டும், என் மாத்திரைக்கு வா" என்றாள் அக்கா.

அவள் மாத்திரையைப் பற்றி முதலில் குரல் கொடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த இசபெல் கால். முதுகுத்தண்டு சரியாக மூடாமலோ தலையில் நீர் கோத்தோ பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் 100 பேரையும், நல்லபடியாகப் பெற்ற தாய்மார்கள் 100 பேரையும் விசாரித்தார். முதல் கூட்டத்தில் 19 பேர் ஹார்மோன் மாத்திரையால் கர்ப்பம் பார்த்தவர்கள். இரண்டாவது கூட்டத்தில் 4 பேர். 1967-ல் இதை 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். பிரிட்டன் அரசு டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது 1975-ல்.

இந்த இடத்தில் மருமகள் ஒரு காரியம் செய்தாள். "பெரியத்தை, உங்க ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்ப முதல் மூணு மாசத்துல என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

அக்கா யோசித்தாள். "என்னமோ சத்து மாத்திரை... ஜுரத்துக்கு ஒண்ணு போட்டேனா... தெரியலியே." அந்தப் பெண் கல்லுக்குண்டு மாதிரி பிறந்தவள்.

"மூத்தவருக்கு முன்னால சாப்பிட்டது?"

"காயிதம்கூட ஞாபகம் இருக்கு. சிகப்புக் கட்டம் போட்ட காயிதம்."

மருமகள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அக்காவுக்கே புரிந்துவிட்டது. குறையோடு பெற்றவள் நாள் நாளாகத் தோண்டிப் பார்த்து ஞாபகம் வைத்திருப்பாள். நல்லபடியாகப் பெற்றவள் மறந்துவிடுவாள். பெற்ற பிறகு போய்க் கேட்டால் இந்த வித்தியாசமே மருந்தின் மேல் பழியாக விழக்கூடும். அதனால் இசபெல் கால் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை. அது மட்டும் போதாது என்று அர்த்தம். கர்ப்ப காலத்திலேயே மாத்திரையை எழுதி வைத்துவிட்டு, பிறகு பிரசவம் வரை காத்திருந்து பார்த்த ஆய்வுகளும் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹெனகனும் அவர் குழுவும் 2018-ல் இரண்டு வகையையும் திரட்டினார்கள். பெற்ற பிறகு கேட்டவை 16, முன்கூட்டியே எழுதி வைத்தவை 10, ஆக 26 ஆய்வுகள். மொத்தம் 71,330 பெண்கள். அதில் 4,209 பேர் மாத்திரையால் கர்ப்பம் பார்த்தவர்கள். எல்லாப் பிறவிக் குறைகளையும் சேர்த்தால் சாப்பிட்டவர்கள் பக்கம் 1.4 மடங்கு, உண்மை 1.18-க்கும் 1.66-க்கும் நடுவில் எங்காவது இருக்கலாம். இருதயக் குறை மட்டும் பார்த்தால் 1.89 மடங்கு.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு மருமகளின் மேல் கோபம் வந்தது. இதைச் சொல்லத்தானா நாலு நாள்?

அவளோ, "இன்னும் முடியலை அத்தை" என்றாள். இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2017-ல், பிரிட்டன் அரசு அமைத்த நிபுணர் குழு அநேகமாக இதே ஆய்வுகளைப் படித்துவிட்டு, மாத்திரையால்தான் குறை வந்தது என்பதற்குச் சான்றுகள் போதாது என்று முடிவு கட்டியிருந்தது. ஆய்வுகள் பழையவை, தரம் குறைந்தவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை, ஆகவே கூட்டக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஹெனகன் குழு கூட்டியது. 2019-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் ஹெனகன் கணக்கையும் பார்த்துவிட்டு, முடிவை மாற்றும் அளவுக்கு அது உறுதியானதல்ல என்றது. ஒரே மாவுதான், ஒருத்தர் தோசை வார்க்கலாம் என்கிறார், ஒருத்தர் புளித்துவிட்டது, கொட்டு என்கிறார்.

மூன்றாவதாக ஒன்றும் வந்தது. 2020 ஜூலையில் பரோனஸ் கம்பர்லெஜ் என்ற அம்மையாரின் தலைமையில் வந்த விசாரணை அறிக்கை. மாத்திரை குறையை உண்டாக்கியதா என்ற வழக்குக்குள்ளேயே அவர் போகவில்லை. நூற்றுக்கணக்கான பெண்களை உட்காரவைத்துப் பேசக் கேட்டார். 1967-ல் சந்தேகம் எழுந்தபோதே இந்தப் பரிசோதனையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். பிரிட்டனில் நஷ்ட ஈடு கேட்ட குடும்பங்களின் வழக்கை 2023-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது என்பது வேறு விஷயம்.

என் கட்சி அந்த அம்மையாரின் கட்சிதான். புற்றுநோய்க்கு மருந்து என்றால், உயிரைக் காக்கிற மருந்தாயிற்றே, கொஞ்சம் கெடுதல் இருந்தாலும் பொறுக்கலாம், சான்று வரும்வரை காத்திருக்கலாம். இது என்ன மருந்து? எந்த நோயைத் தீர்த்தது? சிறுநீரை வைத்தே கண்டுபிடிக்கும் முறை 1960-களிலேயே வந்துவிட்டது. பொறுமையாக இன்னும் ஒரு மாசம் இருந்தால் தானே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றை நிறுத்த நூற்றுக்கு நூறு நிரூபணம் எதற்கு? சந்தேகம் போதாதா? எவ்வளவு சான்று வேண்டும் என்பது மருந்தின் உபயோகத்தைப் பொறுத்தது என்று மருமகளும் ஒப்புக்கொண்டாள். எங்களுக்குள் அபூர்வமாக ஒத்துப்போன விஷயம்.

ஆனால் அக்கா கேட்டது ஊரைப் பற்றி அல்லவே. தன் பிள்ளையைப் பற்றி.

மருமகள் ஒரு முறத்தில் கொண்டைக்கடலை எடுத்து வந்தாள். "ஆயிரம் குழந்தை பிறந்தா, எந்த மாத்திரையும் சாப்பிடாத அம்மாக்களுக்கே சுமார் எட்டுக் குழந்தைக்கு இருதயத்துல குறை இருக்கும்" என்று எட்டுக் கடலையை ஒதுக்கினாள். "ஹெனகன் கணக்கை அப்படியே நம்பினாலும், சாப்பிட்ட அம்மாக்களோட ஆயிரம் குழந்தைல பதினஞ்சு." இன்னும் ஏழு கடலை சேர்ந்தது. எல்லாவற்றையும் கையால் ஒரு சுழற்று சுழற்றினாள். "இதுல எது அந்த எட்டு, எது இந்த ஏழுன்னு எடுங்க பாப்போம்."

அக்கா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். ஒரு கடலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப, எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது?"

"முடியாது பெரியத்தை. அந்த மாத்திரையே இல்லேன்னாலும் அவர் அந்த எட்டுல ஒருத்தரா இருந்திருக்கலாம்."

"ஏழுல ஒருத்தனாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

நான் நடுவில் புகுந்து, "அப்படியெல்லாம் இருக்காதுக்கா, விடு" என்று சொல்லப் போனேன். மருமகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் செய்தது சரி என்று இப்போது தோன்றுகிறது. நாற்பது வருஷமாக அக்காவை அரித்தது, யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. "ஒண்ணுமில்லை" என்று முதுகில் தட்டுகிறவர்களிடம் அதை எப்படிக் கேட்பது? அன்றைக்குத்தான் ஒருத்தி அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று கணக்குச் சொன்னாள். அக்கா கொண்டைக்கடலையை முறத்தில் போட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஊறப் போடு, நாளைக்குக் குழம்பு வைக்கலாம்" என்றாள்.

ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு. ஹார்மோன் மாத்திரை என்றதும் பயந்துபோய், டாக்டர் இப்போது எழுதிக் கொடுத்திருப்பதை நிறுத்திவிடாதீர்கள். கரு தங்குவதற்காகக் கொடுக்கும் புரோஜெஸ்டரோன், கருத்தடை மாத்திரை, இவையெல்லாம் வேறு கணக்கு. சந்தேகம் வந்தால் கொடுத்தவரிடமே கேளுங்கள். ஆனால் கல்யாணம், கோயில் விசேஷம் என்று நாள் தள்ளிப் போட நீங்களாகவே கடையில் வாங்கும் மாத்திரை இருக்கிறதே, அதில் இருப்பதும் பெரும்பாலும் நோரெதிஸ்டரோன்தான். உண்டாகியிருக்கிறதோ என்று சந்தேகம் இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. எங்கள் தெருவில் தைப்பூசம் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் பெண்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மருந்து சாப்பிட்டு ஏதாவது கோளாறு ஆனால் 1976-ல் யாரிடம் சொல்வது? கம்பவுண்டரிடமா? இன்று மருந்துக் கண்காணிப்புத் திட்டம் என்று மத்திய அரசில் ஒன்று உண்டு. 2010-ல் ஆரம்பித்து, மறு வருஷத்திலிருந்து காஜியாபாத்தில் இருந்து நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கு மையங்கள் இருக்கின்றன. டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டவரே எழுதலாம், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். மருந்தால்தானா என்று நமக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தால் போதும். ஆயிரக்கணக்கான சந்தேகங்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. மருந்தின் பெயர், அளவு, தேதி இருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அட்டையின் ஓரத்தில் இருக்கும் பாட்ச் எண்ணைக் கத்தரித்து எறிந்துவிட்டு வெறும் மாத்திரையை டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அது போக வேண்டும்.

அந்த 71,330 பேரில் லால்குடிப் பெண் ஒருத்தியும் இருக்க மாட்டாள். அக்காவிடம் யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்குச் சீட்டில்லை, மாத்திரையின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. சிகப்புக் கட்டம் போட்ட காகிதம் மட்டும்தான்.

பேத்திக்கு எக்கோ அடுத்த மாசம். அதற்குள் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கோயமுத்தூருக்குப் போன் போட்டு, இன்றைக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்கிறாள். "குழந்தை பொறந்தப்புறம் எழுதினா செல்லாதாம்டி" என்று அந்தப் பெண்ணுக்கே பாடம் வேறு. நேற்று எட்டிப் பார்த்தேன். ஃபோலிக் அமிலம், காலை. இரும்புச் சத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். நெஞ்சு கரிக்கிறது, மோர் குடித்தாள் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தாள்.